பாசித் தேவதை பார்க்க மறுத்த லென்ஸ்

பாசித் தேவதை நோர்பெர்ட் தீலனின் முகவரி அட்டையைக் கடித்துப் பார்த்தாள்.

ஒரு மூலையை மென்றாள். முகத்தைச் சுளித்தாள். பின்னர், நஞ்சுண்டவளைப் போல நாக்கை நீட்டிக்கொண்டு ஓக் மரத்தின் பின்னே போய் மறைந்தாள்.

சுற்றி நின்ற குழந்தைகள் நோர்பெர்ட்டைப் பார்த்த பார்வையில் இரக்கம் என்பது துளியும் இல்லை.

தேவதைகள் பேசமாட்டார்கள், கொடுத்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். ஓர் இறகு, ஒரு பொத்தான், மரத்தடியில் பொறுக்கிய ஒரு கொட்டை போதும். அச்சடித்த அட்டையை நீட்டும் அறிவீனத்தைப் பெரியவர்கள் மட்டுமே செய்வார்கள்.

நோர்பெர்ட்டுக்கு அறுபத்தேழு வயது. மினசோட்டாவின் பள்ளிகளில் நாற்பது ஆண்டுகள் குழந்தைகளைப் படமெடுத்தவர். நீலத் திரை, முக்காலி, தாடையை உயர்த்து, அடுத்த ஆள் வா. கண்கள் லென்ஸைப் பார்க்காத படத்தை அவர் படமென்று ஒப்புக்கொண்டதே இல்லை.

இன்று நண்பகல் முதல் முந்நூறு முறை அழுத்திவிட்டார். கிடைத்தவை: பச்சைச் சாயம் பூசிய ஒரு காது, பாவாடையின் விளிம்பு, ஏராளமான மரங்கள்.

பழைய ஐரோப்பாவின் ஆட்களாக வேடமிட்டு நடிக்கும் மறுமலர்ச்சிக் காலச் சந்தையின் கடைசி ஞாயிறு அது. ஏழு மணிக்குப் பீரங்கி முழங்கினால் எல்லாம் முடிந்தது. பாசித் தேவதைக்கோ அடுத்த ஆண்டு என்பதே இல்லை. அவளுடைய முழங்கால்கள் தேய்ந்துவிட்டன. அதை அறிந்ததனால்தான் நோர்பெர்ட் வந்திருந்தார். வளர்ந்த மனிதர்கள் வேடமிட்டுத் திரிவதைக் காண நுழைவுச்சீட்டு வேறா என்று ஆண்டுதோறும் வீட்டில் முழங்கியவர், முதன்முறையாக வந்திருந்தார்.

ஒரே ஒரு படம். அவள் நேராகப் பார்க்கும் ஒரு படம்.

கால் மணி நேரம் இருந்தது.

"பிரபு, அந்தப் பெட்டிக்குள்ள பூதத்தையா அடைச்சு வச்சிருக்கீங்க?" என்றார், தோளில் பீப்பாயைச் சுமந்து வெள்ளரி ஊறுகாய் விற்றுவந்தவர். இந்தச் சந்தையில் கேமரா இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆகவே எவரும் அதைக் கேமரா என்று சொல்வதில்லை.

"பூதமெல்லாம் இல்லைங்க. எண்ணூறு டாலர் லென்ஸ்."

"அதான் பூதத்துக்குப் பேரா? பாவம், பசியில வாயைப் பொளந்துட்டு நிக்குது. ஒரு வெள்ளரிக்காயாச்சும் போடுங்க, பிரபு."

குழந்தைகள் சிரித்தார்கள். மரத்தின் பின்னாலிருந்தும் ஒரு சிரிப்பு கசிந்தது.

நோர்பெர்ட் அந்தச் சிரிப்பை நோக்கிக் குனிந்தார். குனிந்தது போதவில்லை. மண்டியிட்டார். முந்தைய நாள் மழையின் சேறு காற்சட்டையைக் கவ்வியது. அவர் தவழ்ந்தார்.

மரத்தின் வேர்களுக்கிடையே அவளுடைய பச்சை மூக்கு தெரிந்தது. அது அவரை நோக்கி முயலின் மூக்கைப் போலத் துடித்தது.

அவருடைய மூக்கும் துடித்தது. அவர் அதற்கு அனுமதி தரவில்லை.

சட்டைப் பைகளைத் துழாவினார். அகப்பட்டது லென்ஸின் கறுப்பு மூடி. உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

தேவதை அதை முகர்ந்தாள். தலைமேல் தொப்பியாக வைத்தாள், விழுந்தது. மூக்கின்மேல் வைத்தாள், வழுக்கியது. பிறகு அதை ஒரு கண்ணின் முன்னே இரு கைகளாலும் பிடித்து, மற்றக் கண்ணை இறுக மூடி, அவரைக் குறிபார்த்தாள். நாக்கை மடித்து 'டொக்' என்று ஒலியெழுப்பினாள்.

படமெடுத்துவிட்டாளாம்.

போதாது போலும். விரலால் தன் தாடையை உயர்த்திக் காட்டினாள். நோர்பெர்ட் தாடையை உயர்த்தினார். தலைமுடியைக் கோதச் சொல்லிச் சைகை காட்டினாள், அவருக்கு முடியில்லை, ஆயினும் கோதினார். தோளைத் திருப்பச் சைகை செய்தாள், திருப்பினார். டொக். டொக். சலிப்போடு கையை வீசினாள்: அடுத்த ஆள் வா.

நோர்பெர்ட் ஏழாவது வயதில் சிற்றப்பாவின் மரப்பெட்டிக் கேமராவுக்குப் பின்னே, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தபோது, கண்ணாடியில் முற்றத்துக் கோழிகள் அனைத்தும் தலைகீழாக நடந்தன. அன்று அவர் சிரித்த சிரிப்பில் துணியே நழுவி விழுந்தது. அந்தச் சிரிப்பு இப்போது சேற்றில் கிடந்த கிழவரின் வயிற்றிலிருந்து முன்னறிவிப்பின்றிக் கிளம்பியது. அவர் இருமினார், கண்ணீர் விட்டார், பன்றியைப் போல உறுமவும் செய்தார்.

தேவதை மூடியைத் தாழ்த்தினாள்.

தாழ்த்தி, கண்களை அகல விரித்து, பல்லெல்லாம் தெரிய, நேராக லென்ஸுக்குள் பார்த்தாள்.

அவர் அழுத்தினார்.

பீரங்கி முழங்கியது. தொலைவில் கூட்டம் ஆரவாரித்தது. அந்த ஒலியோடு இருபத்தோராம் நூற்றாண்டு திரும்பிவந்தது. ஊறுகாய்க்காரர் பீப்பாயை இறக்கிவிட்டுக் கைப்பேசியை எடுத்தார். தாய்மார் குழந்தைகளை வாயிலை நோக்கி இழுத்துச் சென்றார்கள்.

தேவதை ஓக் மரத்தைப் பற்றிக்கொண்டு, முழங்கால் நோக, மெல்ல எழுந்தாள். இப்போது அவள் பேசலாம்.

"இறக்கைக் கொக்கி கைக்கு எட்ட மாட்டேங்குது, நோர்பி," என்று முதுகைத் திருப்பிக் காட்டினாள். "பத்தொன்பது வருசமாக் கண்டவங்ககிட்டயெல்லாம் கெஞ்சிக் கழட்டிக்கிட்டிருக்கேன். சேத்துக் கையத் தொடச்சிட்டுத் தொடு."

அவர் துடைத்துக்கொண்டார்.

முப்பத்தெட்டு ஆண்டுகளாக அவர் விரல்களுக்குப் பழகிய முதுகுதான் அது. இறக்கைகள்தாம் புதியவை.