ஆட்ட நேரத்தில் ஓர் அழைப்பு

"மேட்ச் நேரத்துல போன் பேசுறாங்களே, இவங்கல்லாம் அர்ஜென்டினாக்காரங்களா?"

மேலாளர் அனிபல் மேஜையில் குத்திய குத்தில் மாத்தே தேநீர்க் குடுவை கவிழ்ந்து, தேயிலைத் தூள் தரையெங்கும் கொட்டியது.

எங்கள் ஊர் தொலைபேசிக் கூட்டுறவுச் சங்கத்தின் சர்வர் அறை அது. ஜன்னல்கூடக் கிடையாது. உள்ளே இருக்கும் இரண்டு சர்வர்கள்தான் ஊர் போன்களையெல்லாம் பங்கு போட்டுச் சுமக்கின்றன. இரண்டுக்கும் இன்று புது சாஃப்ட்வேர் ஏற்ற வேண்டும். ஒன்றுக்கு ஏற்றும்போது மற்றது ஊரையே தாங்கியாக வேண்டும்.

அதனால்தான் தேசியக் கால்பந்து அணி ஆடும் நேரமாகப் பார்த்து வைத்திருந்தார்கள். மேட்ச் ஓடும்போது எங்கள் ஊரில் ஒருவரும் போனைத் தொட மாட்டார்கள். கடைசி விசில் ஊதினால் போதும், ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் மாமனையும் மச்சானையும் கூப்பிடும். அதை ஒற்றை சர்வர் தாங்காது. போன தடவை அப்படித்தான் ஊரே ஊமையாகிப்போய், சங்கப் பொதுக்குழுவில் அனிபலை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். இன்னொரு தடவை நடந்தால் வேலையே போய்விடும்.

முதல் சர்வர் ஏற்றி முடிந்து, ஓடவும் ஆரம்பித்துவிட்டது. சிக்கல் இரண்டாவதில். புது அழைப்புகள் எதுவும் நுழையாதபடி அதை அடைத்தாயிற்று. பேசிக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராக வைத்துவிட்டார்கள். ஒரே ஓர் அழைப்பு மட்டும் முடிகிற வழியாக இல்லை.

"அது முடியாம இதுல கை வைக்க முடியாது, அனிபல்," என்றாள் பொறியாளர் நோயெலியா.

"பேசுறதை அப்படியே அந்த சர்வருக்கு மாத்தி விடேன்."

"பழைய சாஃப்ட்வேர்ல அந்த வசதி இல்ல. கட் பண்ணத்தான் முடியும்."

"அப்போ கட் பண்ணு!"

"சங்க உறுப்பினர்தான் முதலாளி, அவங்க பேச்சை நடுவுல கட் பண்ணக் கூடாதுன்னு நீங்கதானே எழுதி ஒட்டினீங்க?" அவள் சுவரைக் காட்டினாள்.

"அதுக்காக? ஆட்டம் ஆரம்பிச்சதுலேர்ந்து பேசுறாங்க. அப்படி எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறாங்களாம்?"

அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது. இந்த வேலைக்காக அவனும்தான் மேட்சை விட்டிருந்தான். அறைக்குள் எவரும் செல்போனில் ஸ்கோர்கூடப் பார்க்கக் கூடாதென்று தடை போட்டிருந்தான்.

"கண்ணு தெரியாத எங்கப்பாவை ரேடியோகிட்ட உட்கார வச்சுட்டு வந்திருக்கேன். ரேடியோக்காரன் தொண்டை கிழியக் கத்துறான், ஒண்ணும் புரியலைம்பாரு. எப்பவும் நான் பக்கத்துல உட்கார்ந்து சொன்னாத்தான் அவருக்கு மேட்ச். அவரையே விட்டுட்டு நான் வந்து நிக்கிறேன், இங்க எவளோ ஒருத்தி ஊர்க்கதை அளந்துட்டிருக்கா!"

"எவளோன்னு எப்படித் தெரியும்?"

"பின்னே? என்னை விட்டுட்டுப் போனாளே என் பொண்டாட்டி மிர்தா, அவளை மாதிரி ஒருத்தியாத்தான் இருக்கும். கோலுக்கும் கார்னருக்கும் வித்தியாசம் தெரியாது. ஊரே டி.வி. முன்னாடி உட்கார்ந்திருக்கும்போதுதான் அவளுக்கு வாய் நமநமங்கும்."

நோயெலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எந்த வீடுன்னு பார்க்கட்டுமா? சின்ன ஊர்தானே, நானே ஓடிப்போய்க் கதவைத் தட்டி, வைக்கச் சொல்லிட்டு வரேன்."

"யாரா இருந்தா எனக்கென்ன? ஜனாதிபதியா இருந்தாலும் வைக்கட்டும்!"

"யாருக்காவது உடம்பு கிடம்பு முடியாம..."

"உடம்பு முடியாதவங்க இவ்வளவு நேரமா மூச்சு விடாமப் பேசுவாங்களா? நகரு."

அவளைத் தள்ளாத குறையாக ஒதுக்கிவிட்டு, அனிபலே பொத்தானைத் தட்டினான். திரையில் ஒன்று என்று இருந்தது பூஜ்யமாயிற்று.

"பார்த்தியா? வானம் இடிஞ்சா விழுந்துச்சு? ஏத்து!"

அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் வெளியே ஊரே கத்தியது. சந்தோஷத்தில் கத்துகிறார்களா, வயிற்றெரிச்சலில் கத்துகிறார்களா, அந்தச் சுவர்களுக்குள் இருந்தவர்களுக்குப் புரியவில்லை.

அனிபலின் செல்போன் அடித்தது. அப்பா. புது சாஃப்ட்வேர் வழியாக வந்த குரல், பக்கத்தில் நின்று பேசுவதுபோல் அத்தனை தெளிவாக இருந்தது.

"டேய் அனிபல், என்னடா ஆச்சு? தெரு பூரா கத்துறாங்களே!"

"ஏம்பா, ரேடியோ என்னாச்சு?"

"ரேடியோவை எவன் போட்டான்? நீ வரலைன்னு தெரிஞ்சதும் மிர்தாவே போன் பண்ணிட்டா. ஆட்டம் ஆரம்பிச்சதுலேர்ந்து டி.வி.யைப் பார்த்துப் பார்த்து அவதாண்டா சொல்லிட்டிருக்கா."

அனிபலின் கண் திரையிலிருந்த பூஜ்யத்துக்குப் போனது.

"அவளுக்கு ஆட்டக்காரங்க பேர்கூடத் தெரியலடா. 'மாமா, தாடிக்காரன் உதைக்கிறான், குட்டையன் விழுந்துட்டான்'ங்கிறா. சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறே வலிக்குது. 'நமக்குப் பெனால்டி மாமா, பந்தை வச்சுட்டான்'னு சொன்னா பாரு, அதோட லைன் போச்சு. சொல்லுடா, கோலா இல்லையா?"

அனிபல் நோயெலியாவைப் பார்த்தான். அவளுக்கும் தெரியாது.

"தெரியலப்பா."

"சரி விடு. உங்க ஆபீஸ்லதான் எவனோ ஒரு மடையன் லைனைப் பிடுங்கியிருக்கான். யாருன்னு கண்டுபிடிடா. அவனைச் சும்மா விடாதே!"