ஏரிக்கரை விசாரிப்பு

"கோட்ட பாக்க வந்தவங்க மாதிரி தெரியலியே?"

குரல் கேட்டு மனோரமா திரும்பினாள். பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். ஐம்பதைத் தாண்டிய வயது. பழைய கைத்தறிப் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ, வலது மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜ்.

"கோட்டைக்குத்தான் வந்தேன். இன்னும் தொறக்கலியாம். அதான் இப்படி ஏரிக்கரையில..." என்று இழுத்தாள் மனோரமா.

"கோட்டைக்கு வந்தவங்க மலையப் பாப்பாங்க. நீங்க பெஞ்சியப் படிச்சிக்கினு நிக்கிறீங்க."

மனோரமாவின் முகத்தில் அசடு வழிந்தது. கடலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். செஞ்சிக்கு இதுதான் முதல் தடவை. ஏரியைச் சுற்றிப் புதிதாகக் கல் பதித்து நடைபாதை போட்டு, வழி நெடுக பெஞ்சு போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பஜார் கடைக்காரர் பெயர். தண்ணீரில் ராஜகிரி மலை தலைகீழாகத் தெரிந்தது. அதைப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. 'உபயம்: அரங்கநாதன் பாத்திரக்கடை' என்ற பெஞ்சு கண்ணில் பட்டதும் கால் நின்றுவிட்டது.

"பொண்ணு வீடா?" என்றாள் அந்தப் பெண்.

இனி மறைத்துப் பயனில்லை. "ஆமாக்கா. அவங்க பையன் அருண்பிரசாத்துக்கு என் பொண்ணு பிரவீணாவக் கேக்கறாங்க. ஜாதகம் பொருந்திடுச்சு. வெள்ளிக்கிழம பொண்ணு பாக்க வராங்க. தரகரு, பையனோட போட்டோவ மட்டும் காட்டினாரு. ஒரே பொண்ணுக்கா. அதான் ஒரு வார்த்த விசாரிச்சிட்டுப் போலாம்னு..."

"நடந்துக்கினே பேசலாம். நின்னா நாலு பேர் கண்ணுல படும்."

இருவரும் நடந்தார்கள்.

"கையில இன்னாக்கா கட்டு?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன். பஜார்ல விசாரிச்சீங்களா?"

"பூக்கடையில கேட்டேன், டீக்கடையில கேட்டேன். எல்லாரும் தங்கமான பையன்னுதான் சொல்றாங்க."

"சொல்லுவாங்க. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு பெரியவங்களே சொல்லிட்டுப் போயிட்டாங்க. ஆளுக்கு ஒண்ணு சொல்லி ஆயிரத்த நெரப்பிடுவாங்க."

"நீங்க நெசத்தச் சொல்லுங்கக்கா."

அந்தப் பெண், எதிரே கை வீசி நடந்து வந்த இரண்டு பேர் கடந்து போகும்வரை காத்திருந்தாள்.

"குடுக்காதீங்க."

"குடிப்பாரா?"

"குடிக்கிறவனாவது தெளிஞ்சா அடங்குவான். இவனுக்குத் தெளியறதுக்கு ஒண்ணுமே இல்ல. கொழம்புல உப்பு கம்மின்னா தட்டு பறக்கும். பாத்திரக்கடைக்காரங்க வூடு, தட்டுக்கா பஞ்சம்? எதுத்து ஒரு வார்த்த பேசினா கை நீளும். வாசப்படி தாண்டிட்டா வெண்ண மாதிரி இருப்பான்."

"வீட்டுக்குள்ள நடக்கிறது உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"சத்தம் கேக்குமில்ல?"

"அவங்க அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"அவ சொல்லி யாரு கேட்டாங்க?"

"உங்க பேரு இன்னாக்கா?" என்று கேட்டாள் மனோரமா.

"பேரு எதுக்கு? நீங்க கோட்ட பாக்க வந்தீங்க, நான் வாக்கிங் வந்தேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வேகமாக முன்னால் நடந்து போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனோரமாவின் கணவர் வீரமணி சிரித்தார்.

"பேரக் கேட்டா சொல்லல, பாத்தியா? பங்காளிக் காய்ச்சலா இருக்கும். இல்லன்னா தன் பொண்ணுக்கு அந்தப் பையனக் கேட்டு அமையாம போயிருக்கும். ஊரே நல்லவன்னு சொல்லுது. ஏரிக்கரையில எவளோ ஒருத்தி சொன்னான்னு, வர்றவங்கள வராதீங்கன்னு சொல்ல முடியுமா?"

மனோரமாவுக்கும் அப்படித்தான் பட்டது. பட்டது என்பதைவிட, அப்படி இருந்தால் தேவலை என்றிருந்தது. நல்ல குடும்பம், சொந்தக் கடை, போட்டோவில் பையன் அவ்வளவு லட்சணம். கசப்பு மருந்தை எப்படியும் துப்பத்தானே நாக்கு பார்க்கும்?

வெள்ளிக்கிழமை வாசலில் கார் வந்து நின்றது. முதலில் அரங்கநாதன் இறங்கி, தெருவுக்கே கேட்கும்படி வணக்கம் சொன்னார். அடுத்து அருண்பிரசாத். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். "வணக்கம் அத்தை" என்று கைகூப்பினான். பிறகு காரின் பின்கதவைத் திறந்து, "பாத்து எறங்குங்கம்மா" என்று கை கொடுத்தான்.

அம்மாவை இவ்வளவு பதமாகப் பார்த்துக்கொள்கிற பிள்ளையையா அந்தப் பெண் அப்படிச் சொன்னாள்? மனோரமாவின் மனசு குளிர்ந்தது. பிரவீணா உள்ளே தலையில் பூ வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள்.

"தட்டை நீயே குடு" என்றார் அரங்கநாதன் மனைவியிடம்.

அந்த அம்மாள் குனிந்த தலையோடு வந்து பூவும் பழமும் வைத்த தட்டை நீட்டினாள். மனோரமா இரண்டு கையாலும் வாங்கப் போனாள். தட்டு வரவில்லை. பட்டுப்புடவை முந்தானைக்குக் கீழே, தட்டை இறுகப் பிடித்திருந்த வலது மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜ்.

மனோரமா நிமிர்ந்து பார்த்தாள். ஏரிக்கரையில் கூட நடந்த அதே முகம்.

மனோரமா கையை இறக்கிக்கொண்டு, உள்ளே பார்த்து, "பிரவீணா, நீ வெளிய வர வேணாம்மா" என்றாள். அதற்கப்புறம்தான் தட்டை இறுக்கியிருந்த அந்த விரல்கள் தளர்ந்தன.