வாசல் கதவில் இல்லாத தாள்

"கிழிச்சது நீதான். என்னைக் கட்டிக்கணும்னு உனக்கு ஆசை."

இரண்டாம் மாடியில் மெதோடி போட்ட சத்தம் ஐந்தாம் மாடி வரை கேட்டிருக்கும்.

நான் கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வீடும் அதன் பக்கத்து வீடும் என் வாசலுக்கு எதிரேதான்.

கிழித்தது என்று அவர் சொன்னது, இறந்துபோன மனைவி வேலிகாவின் மூன்றாம் ஆண்டு நினைவுத் தாளை. படம், பெயர், மறக்கவில்லை என்று ஒரு வரி. எங்கள் பிளெவென் ஊரில் அதைக் கட்டடத்தின் வாசல் கதவில் ஒட்டுவோம். அதை மழைதான் கரைக்க வேண்டும், மனிதக் கை படக்கூடாது.

காலையில் ஒட்டினார். மதியம் காணவில்லை.

"எனக்கு ஆசைன்னு யாரு சொன்னது?" என்றாள் பக்கத்து வீட்டுப் பென்கா. அவளும் தனிக்கட்டைதான்.

"யாரு சொல்லணும்? இந்த மாடிப்படியில இருக்கிற எல்லாருமே அப்படித்தான் நினைக்கிறாங்க."

"அவங்க நினைக்கிறதை நீ நம்புறே. நீ நம்புறேன்னு தெரிஞ்சுதான் மூணு மாசமா உன் பக்கம் திரும்பாமப் போறேன். போதும்பா. சனிக்கிழமை பஸ்ஸுக்குச் சீட்டு வாங்கிட்டேன். ஸ்பெயின்ல மகளோடயே இருந்துக்கிறேன்."

 

பென்கா கதவைச் சாத்தப் போனாள்.

"தாளைக் காணோம்னதும் நீதான்னு நினைச்சேன்" என்றார் மெதோடி, குரலே எழும்பாமல். "நீயா இருக்கணும்னு ஆசைப்பட்டேன், பென்கா."

மாடிப்படி விளக்கு நேரம் முடிந்து தானாக அணைந்தது. யாரும் மறுபடி போடவில்லை.

"பீன்ஸ் சூப் அடிப்பிடிக்குது. உள்ளே வா" என்றாள் அவள்.

அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

தாளை எடுத்தது பென்கா இல்லை. அவளுக்கு அவ்வளவு துணிச்சல் ஏது? பசை காய்வதற்குள் கிழியாமல் உரித்தெடுத்தது நான்.

அவர்கள் இருவரும் சேர்வதைத்தான் வேலிகா விரும்பியிருப்பாள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அவள் விரும்பியிருக்க மாட்டாள். விரும்பியது நான்.

அக்டோபரில் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. இப்போது பர்காஸில், கடலோரமாக இருக்கிறார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

"மாப்பிள்ளைக்கு நீங்க என்ன உறவு?" என்று பதிவாளரம்மா கேட்டாள்.

"முதல் மனைவியோட தங்கச்சி."

அவள் பேனா ஒரு நிமிடம் நின்றது. என்ன நினைத்தாளோ.