சிவப்பை அமுக்கினால் ஆள் வரும்

கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை. சந்துக்குள் அந்தப் பெண் நுழைந்ததைப் பார்த்த பிறகுதான் சாராளுக்குப் போன உயிர் திரும்பியது.

"நர்சம்மா வந்துட்டாங்க! அப்பாவு, நீ கெளம்பு. உன் ஆட்டோ வேணாம்."

பக்கத்து வீட்டு அப்பாவு ஒரு மணி நேரமாக வாசலில் ஆட்டோவோடு நிற்கிறான். "யக்கா, சொன்னா கேளு. பொண்ணத் தூக்கி ஏத்து. கும்முடிப்பூண்டி ஆஸ்பத்திரி பத்து நிமிசம்."

"போன்ல இன்னா போட்டுக்குது பாத்தியா? உதவி வருது, தாயை அசைக்காதீங்கன்னு. நீ டீ குடிக்கப் போனாலே அரை நாள் ஆவும். சிவப்ப அமுக்கினேன், ஆளே வந்து நிக்கிறாங்க பாரு."

"போன நம்பிப் பொயச்சவன் எவன் கீறான்?" என்று முனகிக்கொண்டே அப்பாவு அரை மணி தூரத்து ஆரம்பாக்கம் சவாரிக்கு வண்டியை விரட்டினான்.

உள்ளே மருமகள் சுகிர்தா பாயில் கிடந்தாள். பிள்ளை பெற்றுப் பதினோரு நாள். விடிந்ததிலிருந்து உதிரம் நிற்கவில்லை, ஜுரம் வேறு. புருஷன் எபினேசர் இரும்பு உருக்கும் கம்பெனியில் ஷிப்டில் இருந்தான். உள்ளே போகும்போதே போனை வாங்கி வைத்துக்கொள்கிற கம்பெனி.

பிரசவ வார்டில் யாரோ வந்து போனில் ஏற்றிக் கொடுத்த ஆப்பு ஒன்றுதான் சாராளுக்குத் துணை. ஆபத்து என்றால் சிவப்பை அமுக்கு, ஆள் வரும் என்றார்கள். படித்தவர்கள் சொன்னால் நம்பத்தானே வேண்டும்?

வந்தவள் பெயர் திலகவதி. பாய் ஓரமாக உட்கார்ந்து, முதலில் போனைத்தான் கையில் வாங்கினாள்.

"எத்தனை மணிக்கு அமுக்கினீங்க?"

"எட்டரை இருக்கும் கண்ணு."

"ஒரே தடவையில அமுங்கிச்சா?"

"மூணு தபா அமுக்கினேன்."

"எழுத்து பெருசா தெரியுதா? பாத்ததும் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது, புரிஞ்சுது."

திலகவதி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். சாராளுக்குச் சந்தேகம் வரவில்லை. ஆஸ்பத்திரியிலும் அப்படித்தானே, சீட்டு எழுதி முடிக்காமல் யார் நோயாளியைத் தொடுகிறார்கள்?

குழந்தை வீறிட்டது. சுகிர்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாராள் அவள் காலைத் தொட்டாள். காலையில் நெருப்பாய்ச் சுட்ட உடம்பு.

"கர்த்தரே! கால் ஜில்லுனு ஆயிடுச்சே! எய்தனது போதும் கண்ணு. ஒரு ஊசி போட்டு எம் பொண்ணக் காப்பாத்து."

திலகவதியின் பேனா நின்றது. அப்போதுதான் அவள் சுகிர்தாவின் முகத்தைப் பார்த்தாள். பாய் முழுக்க நனைந்திருந்ததையும் பார்த்தாள்.

"அம்மா... அந்த ஆட்டோவ உடனே கூப்பிடுங்க."

"ஆட்டோ இன்னாத்துக்கு? அதான் நீ வந்துட்டியே!"

"நான் நர்சு இல்லம்மா. இந்த ஆப்பு எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டு மார்க் போட வந்திருக்கேன். இதுல அனுப்ப நர்சுங்கள இன்னும் வேலைக்கே எடுக்கல."