சிவப்பு நுனிக் குச்சிகள்

யானைக்குட்டி மூன்று நாளாகக் குளத்தை விட்டு ஏறவில்லை.

வாயைத் தண்ணீருக்குள் வைத்தபடியே நின்றது.

அவள் வாழைக்குட்டிகளை வெட்டிக்கொண்டுவந்து கரையில் போட்டாள். தும்பிக்கையால் ஒன்றை எடுத்தது. வாய்வரை கொண்டுபோனது. பிறகு கீழே விட்டது.

குளக்கட்டில் ஊரே நின்றது. ஐஸ்கிரீம் வான்காரர்கூட வந்துவிட்டார். பாட்டை நிறுத்தியிருந்தார். அந்த மட்டில் நல்ல மனிதர்.

கட்டு முடியும் இடத்தில் புதர் மண்டிய பற்றைக்காடு. அதற்கும் அங்கால், பாலை மரத்தடியில், தாய் யானை.

ஆறு பேர் கயிறு போட்டுக் குட்டியைக் கரைக்கு இழுத்தார்கள். மிருக வைத்தியர் ஊசி போட்டார். மயங்கியதும் அதன் வாயைத் திறந்தார்.

நாக்கில் பாதி இல்லை.

விரலை விட்டு எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பூசணி விதை.

"பூசணிக்குள்ள ஒளிச்சு வைக்கிற பன்றிவெடி," என்றார். "இன்னும் எங்கயாவது கிடக்கோ? தாய் இந்தப் பற்றையாலதான் குட்டியிட்ட வரும்."



எல்லார் வீட்டு வளவிலும் பூசணி காய்த்துக் கிடக்கிறது. பேசாமல் நின்றால் போதும், அவளை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

வைத்தவள் அவள்தான். மூன்று.

அரை ஏக்கர் கச்சான் கடலையைப் பன்றிகள் ஒரே இரவில் கிண்டிப்போட்டன. விடிந்ததும் தோட்டத்தைப் பார்த்தாள். அந்த ஆத்திரத்தில் வைத்தாள்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அவள் எட்டு வருடம் கண்ணிவெடி அகற்றியவள். இதே ஊரில், இதே மண்ணில், முழங்காலில் நின்று, முழம் முழமாக. அவள் எடுத்து முடித்த பிறகுதான் சனம் மீளக் குடியேறியது. இங்கே நிற்கிற பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் படம் காட்டி வகுப்பெடுத்தவளும் அவள்தான். வெடி கிடக்கிறது என்று தெரிந்தால் ஓடக் கூடாது. நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

பழக்கம் விடவில்லை. ஒவ்வொரு பூசணிக்குப் பக்கத்திலும் சிவப்பு நுனிக் குச்சி நட்டிருந்தாள். ஆட்கள் மிதித்துவிடக் கூடாதே என்று. அன்றைக்கு அது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

யானைகளுக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை.

வெடிச்சத்தம் கேட்ட காலையிலேயே ஓட்டமும் நடையுமாகப் போனாள். முதல் குச்சிக்குப் பக்கத்தில் இரத்தம். இரண்டாவது பூசணியை எடுத்து வாளித் தண்ணீரில் அமிழ்த்தினாள். மூன்றாவது குச்சி அப்படியே நின்றது. பூசணியைக் காணவில்லை. எதுவோ உருட்டிக்கொண்டு போயிருந்தது.

மூன்று நாள் தேடினாள். ஒருவருக்கும் சொல்லவில்லை.

குளக்கட்டில் அவளுடைய மகள் நின்றாள், பள்ளிக்கூட உடுப்போடு. அடுத்த மாதம் சாதாரண தரச் சோதனை. தகப்பன் இல்லாத பிள்ளை. பொலிஸ் பிடித்துத் தாயும் மறியலுக்குப் போனால் அதற்கு ஒரு வாய் சோறு போட ஆளில்லை.

பாலை மரத்தடியில் அசைவு.

தாய் யானை பற்றையை நோக்கித் திரும்பியது.

"ஐயா." தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "மூண்டு வைச்சனான். ஒண்டு வெடிச்சிட்டுது. ஒண்டை எடுத்திட்டன். மற்றது அந்தப் பற்றைக்குள்ளதான் எங்கயோ கிடக்குது."

வைத்தியர் நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஊர் அப்படியே நின்றது. குளக்கட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள் இறங்கிய இடத்தில். குழந்தையைத் தூக்கக் குனிந்தவள் குனிந்தபடி. மகள், கண்ணைத் துடைக்கக்கூடக் கையை உயர்த்தாமல். அவள் சொல்லிக்கொடுத்தது ஒன்றும் வீண்போகவில்லை.

தாய் யானை மட்டும் நடந்துகொண்டிருந்தது.

எட்டு வருடத்தில் ஒரு நாளும் அவள் வெடி கிடக்கும் நிலத்தில் ஓடியதில்லை.

செருப்பைக் கழற்றினாள். இரண்டு கைகளையும் விரித்துக் கத்திக்கொண்டு, யானையை மறிக்க, பற்றைக்குள் இறங்கி ஓடினாள்.