பத்து நிமிட அனுமதி

“பத்து நிமிஷம்னா பத்தே நிமிஷம்தாம்மா. ஓசியில வந்த சாஃப்ட்வேருக்கு இவ்ளோ உபசாரமா?” என்றார் மேனேஜர்.

கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போன எனக்கு அதுவே போதும். அவர் மனம் மாறுவதற்குள் சர்வர் அறைக்கு ஓடினேன்.

அறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கால் உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கிற மூலை. அவற்றுக்கு நடுவில் ஒரு கணினி. எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வருகிற அத்தனை பேருடைய ரிப்போர்ட்டும் அதற்குள்தான் இருக்கிறது.

என்னுடையதும் இருக்கிறது. குழந்தை உண்டாகியிருக்கிறது. போன முறை ஊரெல்லாம் சொல்லிவிட்டு, அது கலைந்துபோன அப்புறம் பட்ட பாடு போதும் போதும் என்றாகிவிட்டது. ரத்தம் எடுத்த லேப் அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. கணவரிடம்கூட மூச்சு விடவில்லை.

என் பொறுப்பில் இருக்கும் அந்தக் கணினியில் ஓடுவது லினக்ஸ் என்ற சாஃப்ட்வேர். எங்கெங்கோ இருக்கிற யார் யாரோ சேர்ந்து எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்தது. அதில் ஓர் ஓட்டை இருக்கிறது என்று அவர்களே சொல்லி, அதை அடைக்கும் அப்டேட்டையும் கையில் கொடுத்துவிட்டார்கள். அதைப் போட்டு, கணினியை ஒரு முறை அணைத்து எழுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அதற்குத்தான் முழுதாக மூன்று மாதம் கெஞ்சினேன்.

திங்கட்கிழமை கேட்டால் கூட்டம். கூட்டமில்லாத நாளில் கேட்டால், நன்றாக ஓடுகிற மெஷினில் ஏன் கை வைக்கிறாய் என்ற கேள்வி. வீட்டிலிருந்தே விடியற்காலையில் முடித்துவிடுகிறேன் என்றேன். ரிப்போர்ட் நின்றுபோனால் யார் பதில் சொல்வது என்று மேனேஜர் கண்ணை உருட்டினார். ரிசப்ஷன் அக்கா என்னைக் கண்டாலே கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டார். சுவரிடம் கேட்டிருந்தால் அதுவாவது சலித்துப்போய்ச் சரி என்றிருக்கும்.

உட்கார்ந்து, அப்டேட் கட்டளையைத் தட்டினேன்.

புதிதாகப் போட எதுவும் இல்லை என்றது கணினி.

மறுபடி தட்டினேன். அதே பதில். எல்லாம் ஏற்கெனவே போட்டாகிவிட்டது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. என்னை நாயாய் அலையவிட்டுவிட்டு, மேனேஜர் வெளியாள் யாரையோ கூப்பிட்டுக் காரியத்தை முடித்துக்கொண்டார் போலிருக்கிறது. நேரே போய்க் கேட்டேவிட்டேன்.

“நான் யாரைம்மா கூப்பிட்டேன்? பாஸ்வேர்டு உன்கிட்டதானே இருக்கு?”

பொய் சொல்கிற முகமில்லை. தன் ஈமெயிலைத் திறக்கவே என்னைக் கூப்பிடுகிற மனிதர்.

திரும்பி வந்து கணினியின் பதிவுகளைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எவனோ உள்ளே வந்திருக்கிறான். அந்த ஓட்டை வழியாகத்தான். ரிப்போர்ட்டுகளை ஒன்றுவிடாமல் வாரிக்கொண்டு, தனக்கென்று ஒரு கள்ளச்சாவியும் செய்து வைத்துக்கொண்டு, தன் பின்னால் வேறொரு திருடன் வந்துவிடக் கூடாது என்று ஓட்டையை அடைத்திருக்கிறான்.

கணினியை அணைத்து எழுப்பியும் இருக்கிறான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒருவரும் குறை சொல்லவில்லை. அவன் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

நானும் கேட்கவில்லை. குனிந்து நெட்வொர்க் வயரைப் பிடுங்கினேன்.

“ஐயோ, ரிப்போர்ட் வரலையே!” என்று ரிசப்ஷனிலிருந்து அக்கா கத்தினார். மேனேஜரின் செருப்புச் சத்தம் அறையை நோக்கி வேகமாக வந்தது.

வரட்டும். அவரிடம் சொல்ல நிறைய இருக்கிறது. அதற்கு முன் போனை எடுத்துக் கணவரை அழைத்தேன்.

முகம் தெரியாத எவனுக்கோ தெரிந்துவிட்டது. குழந்தையின் அப்பாவுக்கும் தெரியட்டும்.