கத்தரிப்பூ நிறம்

"ஒண்ணுகூட மிச்சமில்லை. மொத்தமும் செத்துப்போச்சு," என்றார் பேராசிரியர். மகளுக்கு வேலை கிடைத்த சேதியைச் சொல்கிறவர் போல முகமெல்லாம் சிரிப்பு.

எதிரே ஸ்டூலில் தொப்பியோடு உட்கார்ந்திருந்த அவருடைய அண்ணன் குனிந்து பார்த்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். இப்போது புருவத்தில்கூட முடி இல்லை. வட்டத் தட்டுகளில் கத்தரிப்பூ நிறத்தில் தண்ணீர் நின்றது.

"இதுவா கேன்சரு? சர்பத் மாதிரி இருக்கு."

"உனக்கு வந்திருக்கிற அதே வகை செல்லு, அண்ணே. இதுக்குச் சர்க்கரைதான் சோறு. தின்னா தண்ணி புளிச்சு மஞ்சளாயிடும். வெள்ளிக்கிழமை இந்தச் சீன வேர்த் தூளைப் போட்டு, அதோ அந்தப் பெட்டியில வெச்சேன், அதோட அடுப்பு அணைஞ்சுது. எங்கயாவது மஞ்சள் தெரியுதா?"

தெரியவில்லை.

"தூள் போடாத தட்டுன்னு ஒண்ணு இருக்கணுமே?"

"பரவாயில்லையே, லாரிக்காரனுக்கும் மூளை வேலை செய்யுது. அது பக்கத்து ரூம் பெட்டியில இருக்கு. மஞ்சளா, கொழுத்துப்போய்க் கிடக்கு."

அண்ணன் செல்கள் வளரும் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "சிலிண்டர் எதுக்குடா? உள்ள சமையலா?"

"கேன்சருக்கு இங்க மாப்பிள்ளை உபசாரம். சூடு, ஈரம், வாயு, சர்க்கரை எல்லாம் கொடுத்து வளர்க்கிறோம். வளர்த்தாத்தானே கொல்ல முடியும்?"

கதவைத் தள்ளிக்கொண்டு டெக்னீசியன் வந்தாள். பதினோரு வருஷமாக இந்தச் செல்களுக்குச் சோறு போடுகிறவள். பேராசிரியர் அவளைக் கூப்பிடுவது 'பாட்டில் கழுவி' என்றுதான். அவள் பெயர் அவருக்கு உண்மையிலேயே தெரியாமல்கூட இருக்கலாம்.

"சார், இந்தப் பெட்டி விஷயமா..."

"எத்தனை தடவை சொல்றது? எதுவா இருந்தாலும் சீட்டு எழுதி வை. என் முன்னாடி வாயைத் திறக்காதே."

"மூணு சீட்டு வெச்சிருக்கேன் சார். படிச்சீங்களா?"

"படிக்கத் தெரிஞ்சதாலதான் நான் இந்த நாற்காலியில இருக்கேன். வாசல்ல எவனோ ஹாரன் அடிக்கிறான், போய்ப் பாரு."

அவள் போனாள். மேஜையில் மூன்று சீட்டுகளும் மடித்தது மடித்தபடி இருந்தன. அவற்றின் மேல் அவருடைய டீ கப் இருந்தது.

"மூக்கைச் சொறியறதுக்கும் சீட்டா?" என்றார் அண்ணன்.

"இடம் கொடுத்தா எனக்கே பாடம் எடுப்பா. அதை விடு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகப்போறியா?"

"மூணாவது தடவை மருந்து ஏத்தணுமே. ரெண்டுலேயே கட்டி பாதி கரைஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்றாரு."

"உன்னையும் சேர்த்துத்தான் கரைக்கிறான். அவனுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். கண்ணாடியில உன்னைப் பார்த்தியா?"

அண்ணன் தொளதொளத்த சட்டையைப் பிடித்துப் பார்த்தார். நாலு மாசத்தில் பதினோரு கிலோ போயிருந்தது. வாந்தி எடுத்துக் களைத்து, எழ முடியாமல் குளியலறைத் தரையிலேயே கிடந்ததை நினைத்தார். மறுபடியும் தட்டுகளைப் பார்த்தார். ஒரு பொட்டு மஞ்சள் இல்லை.

"சரி, சொல்லிடு."

பேராசிரியரே போன் போட்டார். "நாளைக்கு அவர் வரமாட்டார். உங்க விஷத்தை வேற யாருக்காவது ஏத்துங்க... ஆமா, பேரை அடிச்சிடுங்க... காத்திருக்கிறவங்களுக்கே அந்த இடத்தைக் கொடுங்க... திரும்பக் கிடைக்க ரெண்டு மாசமா? ரெண்டு வருஷம் ஆனாலும் அவர் அந்தப் பக்கம் வரமாட்டார்."

மறுமுனையில் நர்ஸ் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் போனை வைத்துவிட்டு, அந்த வேர்த் தூளில் செய்த மாத்திரை டப்பாவை அண்ணன் கையில் திணித்தார். அண்ணன் ஒன்றைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். பல நாளைக்குப் பிறகு காலை நீட்டி உட்கார்ந்தார்.

கதவு மறுபடி திறந்தது. நீலச் சட்டைக்காரர் ஒருவர் புது சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். பின்னால் ஸ்பேனரோடு டெக்னீசியன். அவர் பழைய சிலிண்டரை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினார். காலிக் குடம் போலச் சத்தம் வந்தது.

"கோவிச்சுக்காதீங்க சார், வண்டி ரிப்பேர். சனிக்கிழமையே கேஸ் தீர்ந்துபோச்சுன்னு மேடம் பத்துத் தடவை போன் பண்ணிட்டாங்க."

பேராசிரியர் டீ கப்பை எடுத்தார். ஆனால் குடிக்கவில்லை.

அண்ணன் டப்பாவைக் கையில் பிடித்தபடி டெக்னீசியனைப் பார்த்தார். "கேஸ் இல்லாட்டி உள்ள இருக்கிறது என்னம்மா ஆகும்?"

தன்னிடம்தான் கேட்கிறாரா என்று அவள் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"தண்ணி கத்தரிப்பூ நிறமாயிடும் ஐயா. தூளே போடாட்டியும் ஒண்ணுகூட மிச்சமிருக்காது."